பூர்வீகம் சாரும் ஒரு ஜோடித் தோடும்

“உலகத்துல எதை வேணும்னாலும் கொண்டு வாங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் சொல்றேன்!”

கோளரங்கத்தில் நாளொன்றுக்கு ஆறு காட்சிகளுக்கு விளக்கம் சொல்லும் மனிதர், மதியச் சாப்பாட்டு மேஜையில் இப்படிச் சவால் விட்டார். டிபன் பாக்ஸின் இரும்பு நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்தது, தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் நட்சத்திரங்களுக்கே மூத்தது என்று மூடியைத் தட்டித் தட்டி நிரூபித்தார். அன்று முதல் அவருக்குப் ‘பூர்வீகம் சார்’ என்றே பெயர்.

டிக்கெட் கொடுக்கும் அம்மாள் மட்டும் மசியவில்லை.

“என் சேஃப்டி பின்?”

“அதுவும் நட்சத்திரம்தாம்மா.”

“அதுகூட இறங்கி வந்துடுச்சு. நீங்க எப்ப சார் இறங்கி வரப் போறீங்க?”

வாய்ப்பு வராமலில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, காதுத் தோட்டைத் திருகியபடி கேட்டார்.

“ஏங்க, இந்தத் தோடு எப்படி வந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கேனா?”

“நீ என்ன சொல்றது? நான் சொல்றேன் கேளு. செத்துப்போன ரெண்டு நட்சத்திரம் ஒண்ணையொண்ணு சுத்திச் சுத்தி வந்து மோதிச்சு பாரு...”

மோதல் முடிந்து, தங்கம் வான்வெளியெங்கும் சிதறி, பூமி உருண்டு திரள்வதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. மனைவி அடுப்பைத் துடைத்தார்.

“சரி, அப்புறம் சொல்றேன்” என்றார்.

அந்த அப்புறம் வரவேயில்லை. சூரியனுக்கு இன்னும் ஐந்நூறு கோடி ஆண்டு ஆயுள் பாக்கி என்று விரல் நுனியில் வைத்திருந்தவருக்கு, மனைவிக்கு எட்டு மாதம்தான் பாக்கி என்பது தெரிந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பி வீடு ஓய்ந்த பிறகு, மகள் அலமாரியிலிருந்து தோட்டை எடுத்து வந்தாள்.

“அப்பா, இதை நான் போட்டுக்கட்டுமா?”

“போட்டுக்கோம்மா.”

“ஒரு திருகாணி மட்டும் வேற மாதிரி இருக்கு பாருங்க. இது அம்மாவுக்கு யார் குடுத்தது? எங்கேருந்து வந்துச்சு?”

பூர்வீகம் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். திருகாணி வேறாகத்தான் இருந்தது. முப்பது வருடம் பக்கத்திலேயே இருந்த காது. அவர் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த காது. ரெண்டு நட்சத்திரங்களும் வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கினார்.

“தெரியலைம்மா” என்றார். “அவ சொல்லத்தான் வந்தா.”