பாலத்தில் பின்தங்கிய எட்டாவது ஆள்

அந்த விடியற்காலையில் என் புருஷன் செத்துக் கிடக்கிறார் என்றே நினைத்தேன்.

நாங்கள் மலேசியாவில் கிள்ளான்காரர்கள். பினாங்கு வரை போகும் குழு சைக்கிளோட்டத்துக்காக எட்டுப் பேராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம். எட்டுப் பேரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு. அதனால் ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகிறவர் தொடங்கி, அவரவர் எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும். கடைசி எண் என் புருஷன் சேகர். பின்னால் வரும் வண்டிகளைக் கவனிப்பது அவர் பொறுப்பு.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூலாவ் இண்டா சாலையில் பயிற்சி. துறைமுகத்துக் கன்டெய்னர் லோரிகள் ஓடும் சாலை அது. உரசுகிற மாதிரி ஒன்று கடந்தால் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும். எனக்கு அந்த லோரிகள் என்றாலே எமன்தான். அன்றைக்கு மழை வேறு. சேகருக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. ஏழாவதாக வந்த தினேஷ், "நீங்க கத்தாதீங்கண்ணே, ஒங்க நம்பரையும் நானே சொல்லிடுறேன்லா," என்றான். எல்லாரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

பாலம் இறங்கியதும் வளைவு. எண்கள் வந்தன. ஏழும் எட்டும் ஒரே குரலில் வந்தன. குறை ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு மனசு உறுத்தியது. திரும்பிப் பார்த்தால் மழையும் இருட்டும்தான். "முருகா, அவர விட்டுடாத," என்று வேண்டினேன். வேறு வார்த்தை வரவில்லை. பிரேக்கைப் பிடித்தேன்.

"எட்டு சொல்லியாச்சேக்கா," என்றார் முன்னால் போனவர்.

"சொன்னது தினேஷ். அவரு எங்க?"

தினேஷ் பின்னால் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

பாலத்துக்கே திரும்பினோம். அங்கே ஒரு கன்டெய்னர் லோரி சாலைக்குக் குறுக்கே நின்றது. அதன் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. லோரிக்கு முன்னால் சேகரின் சைக்கிள் கிடந்தது. எல்லாம் முடிந்தது என்று என் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

லோரிக்காரர் தரையில் உட்கார்ந்து சேகருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். சேகருக்கு நினைவு இருந்தது. தோள் எலும்புதான் போயிருந்தது. பாலத்து இரும்பு இணைப்பின் ஈரத்தில் டயர் வழுக்கியிருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், குரல் எழும்பவில்லை.

"நான் இடிக்கலக்கா," என்றார் லோரிக்காரர். "டயர்ல என்னமோ தட்டுற சத்தம் கேட்டுச்சு, அதான் மெதுவா வந்தேன். இல்லாட்டி இவரு மேல ஏத்தியிருப்பேன். பின்னால வர்றவன் ஏத்திடக் கூடாதுன்னு லோரியக் குறுக்கப் போட்டுட்டேன். எறங்கிப் பாத்தா டயர்ல ஒண்ணுமே இல்ல."

அப்படியானால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? எனக்குச் சந்தேகமே இல்லை.

எலும்பு கூடியதும் இருவரும் பத்துமலை முருகன் கோயில் படியேறி அழுதுவிட்டு வந்தோம். பினாங்குப் பயணம் அந்த முறை கை நழுவியது, வருத்தமில்லை. இப்போது மறுபடி ஓட்டுகிறோம். ஒருவர் எண்ணை இன்னொருவர் சொல்வதில்லை. பின்னால் லோரி உறுமினால் இன்னும் எனக்கு முதுகு சில்லிடும். முன்பெல்லாம் தனியாகப் பயந்தேன், இப்போது முருகன் பேரைச் சொல்லிக்கொண்டே பயப்படுகிறேன்.

அடியார்களே, மனசு உறுத்தினால் அவனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு அங்கேயே நிற்காதீர்கள், திரும்பிப் போய்ப் பாருங்கள். நமக்கு முன்னால் அவன் அங்கே போயிருப்பான்.