சிவப்புத் தலையனுக்கு ஒரு ஜோடி

குருவியை உள்ளங்கையில் அடக்கி, கழுத்தை இரண்டு விரல்களுக்கிடையே நோகாமல் பிடித்து, அதன் தலையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புகிறார் மலைச்சாமி. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது.

கம்பம் ஊரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். நாற்பத்தேழு வயது. அம்மாவின் படுக்கையோரமே காலம் போனதில் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிறு மட்டும் பட்டறை மேஜையில் செம்புக் கம்பிக்குப் பதில் ஆப்பிரிக்கக் குருவிகள்; கட்த்ரோட், ரெட்ஹெட் என்று ஒரே சாயலில் இரண்டு இனம். இனம் சொல்லக் கேட்டு உத்தமபாளையத்திலிருந்துகூட வருவார்கள்.

"கட்த்ரோட் சேவலுக்குக் கழுத்துல செவப்புக் கோடு. ரெட்ஹெட் சேவலுக்குத் தல பூரா செவப்பு. யாரும் சொல்லிருவாக. பொட்டைக்கு ரெண்டும் கெடையாது. அங்கனதான் யாவாரி நம்மளக் கவுத்துறது" என்பார். பெட்டையின் தலையில் கருப்பு வரி ஓடினால் கட்த்ரோட். வரியே இல்லாத சாம்பல் என்றால் ரெட்ஹெட். இதுவரை அவர் கணிப்பு தப்பியதில்லை.

அவருடைய ரெட்ஹெட் சேவலின் ஜோடி ஐப்பசி மழையில் செத்துப்போனது. வேறு துணை தேடித் தருவதாகச் சொன்னவள் போடியைச் சேர்ந்த ஜோதிலட்சுமி. ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறவள். புருஷன் இறந்து ஆறு வருஷம். மதுரையிலிருந்து வரவழைத்த பெட்டையோடு வாராவாரம் பஸ் ஏறி வருவாள். ஏழு வாரமும் கட்த்ரோட். "இன்னைக்கும் ஏமாத்திப்புட்டாக" என்று சிரித்து, டீ குடித்துவிட்டுப் போவாள்.

"குருவிக்குத்தான் பொண்ணு பாக்குறீகளாண்ணே?" என்பான் பக்கத்து வெல்டிங் கடை வினோத்ராஜ்.

"ஒன் சோலியப் பாருடா."

எல்லோரையும் அண்ணே என்கிற ஜோதிலட்சுமி இவரை மட்டும் எதுவும் சொல்லி அழைத்ததில்லை. அடுத்த ஞாயிறு வரை அவருக்கு அந்த நினைப்பே போதும்.

இன்று எட்டாவது ஞாயிறு. கையிலிருக்கும் குருவியின் தலையில் ஒரு வரிகூட இல்லை. சுவரோரக் கூண்டில் சேவல் கரகரவென்று பாடத் தொடங்கிவிட்டது. இதை வாங்கிக்கொண்டால், அடுத்த ஞாயிறு அவள் எதற்கு வருவாள்?

"என்ன, இதாவது சரியா இருக்கா?" என்றாள்.

மலைச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். "வரி... லேசாத் தெரியுது. இதுவும் கட்த்ரோட்தான்."

பதினைந்து வருஷமாக ஏலக்காயின் நிறமும் பருமனும் பார்த்துப் பிரிக்கிற கண்கள் அவளுடையவை. குருவியை வாங்கி, அந்தச் சாம்பல் தலையை ஒரு விரலால் மெல்லத் தடவினாள்.

"ஆமா. நல்லாவே தெரியுது."

அதைத் தான் கொண்டுவந்த கூண்டிலேயே திரும்ப விட்டு, மேலே துணியை இழுத்து மூடினாள்.