கவனம் சிதறும் போட்டோகாரனும் ஓ.பி. சீட்டும்

கல்யாணத்தன்று போட்டோகாரனுக்கு மாப்பிள்ளைக்கு அடுத்த கவனிப்பு. ஆல்பம் தாமதமானால், ஓடிப்போன சீட்டுக் கம்பெனிக்காரனுக்கு அடுத்த மரியாதை. தொட்ட வேலையை முடிக்க முடியாமல் தவிக்கும் என் கட்சிக்காரர்களே, இது நமக்காக.

காதுகுத்து

நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்குச் சின்ன ஸ்டுடியோ. மண்டபத்தில் என் கண் ஓரிடத்தில் நிற்காது. அதனாலேயே மற்றவர்கள் பார்க்காததெல்லாம் என் கேமராவில் விழும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால்தான் சிக்கல். ஒரு கல்யாணத்துக்குக் கலர் திருத்த ஆரம்பிப்பேன். இன்னொரு கல்யாண வீடியோவில் பாட்டு சரியில்லையே என்று தோன்றும். அதைத் திறந்தால் டிஸ்க்கில் இடம் இல்லை என்று வரும். இடம் ஒதுக்கப் போனவன் சாயங்காலம் லென்ஸ் துடைத்துக்கொண்டிருப்பேன்.

நிலக்கரி மைன்ஸில் ஆபரேட்டராக இருக்கும் ஒருவர், மகனின் கல்யாண ஆல்பத்துக்காக நடையாய் நடந்தார். ஒருநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். திட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பேரனுக்கு அடுத்த மாசம் காதுகுத்து தம்பி. அதுக்கும் உன்னையே கூப்பிடறேன். வரும்போது அவங்க அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கினு வந்துடு."

டாக்டர் பேசிய வீடியோ

ஒரு பள்ளியில் பெற்றோருக்காக மனநல டாக்டர் ஒருவர் பேசியதைப் படம்பிடித்தேன். வீடியோவை வெட்டி ஒட்டுவதற்காகத் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டியிருந்தது. ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு குழந்தைகளோடு போய்விடுவதில்லை, பெரியவர்கள் பலர் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள் என்றார். தொடங்கியதை விட்டுவிடுவது, சாவியைத் தேடுவது, பாதிப் பேச்சில் மனம் வேறெங்கோ போவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த இடத்தை ஸ்பீக்கரில் சத்தமாக வைத்து மறுபடி ஓட்டினேன்.

பக்கத்தில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்த, என் கடையில் வேலை பார்க்கும் பொண்ணு தேவி ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தது. "அண்ணே, இந்த டாக்டருக்கு உங்களை முன்னாடியே தெரியுமா?"

கட்டணம்

பரிசோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்து டாக்டர் ஒருவர், "கடை வச்சு நடத்தற ஆளுக்கு அதெல்லாம் இருக்காதுப்பா" என்று வைட்டமின் மாத்திரை எழுதினார். சென்னையில் ஆன்லைனில் பார்க்கும் ஒரு கிளினிக்குக்கு போன் போட்டேன். அவர்கள் கேட்ட கட்டணத்துக்கு நல்ல லென்ஸ் ஒன்று வாங்கலாம். தவணையில் கட்டலாமா என்று கேட்டேன். கட்டலாம் என்று போனை எடுத்த பெண் அன்பாகச் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார்: "ஆனா அப்பாயின்ட்மென்ட்டை மறந்துட்டீங்கன்னா பணம் திரும்பக் கிடைக்காதுங்க சார்."

யாரிடம் சொல்கிறார் பாருங்கள்.

புதன்கிழமை

மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, பைசா செலவில்லை என்று விசாரித்துச் சொன்னது தேவிதான். காலையில் வடலூர் போய் பஸ் மாறிப் போனேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். தூக்கம் எப்படி என்று விசாரித்தார். முழுப் பரிசோதனையை சைக்காலஜிஸ்ட் செய்வார், அவர் புதன்கிழமை மட்டும்தான் வருவார் என்றார்.

நான் வியாழக்கிழமை போய் நின்றேன். ஓ.பி. கவுன்ட்டரில் இருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "புதன்கிழமைன்னு சீட்டு பின்னாலயே எழுதிக் குடுத்தேனுங்களே. அந்த சீட்டு எங்க?"

சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். நீங்கள் நினைப்பது சரிதான்.

அண்ணன் சொன்னது

அடுத்த புதன்கிழமை தேவி என்னை பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டது. சைக்காலஜிஸ்ட் நிறைய கேள்விகள் கேட்டுவிட்டு, சின்ன வயதிலிருந்து என்னை அறிந்த ஒருவரை அழைத்து வரச் சொன்னார். அப்பா அம்மா இல்லை. இருப்பது அண்ணன்தான். மைன்ஸில் பெர்மனென்ட் வேலை, ஒரு நாள் லேட்டாகப் போனதில்லை. என்னை உருப்படாதவன் என்று ஊரறியச் சொன்னவர். அவர் அங்கேயும் அதையே சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

வார ஓய்வு புதன்கிழமையில் விழுந்தபோது வந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சர்க்கரை வாங்க அனுப்பினால் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு நடந்து வருவேன், வாத்தியார் பேசும்போது ஜன்னலைப் பார்ப்பேன், பரீட்சையில் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் பேப்பரைக் கொடுத்துவிட்டு வருவேன். எனக்கே மறந்துபோனவை எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தன. சைக்காலஜிஸ்ட் அம்மா எழுதி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லச் சொன்னார்: "இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, வூட்ல யாரும் இவனை அடிச்சிருக்க மாட்டோம் மேடம்."

சொன்ன தேதி

ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று உறுதி செய்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் போதாது, ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு என்றார்கள். கையில் இருக்கும் கல்யாணத்தைத் தவிர மற்ற டிஸ்க்குகளைத் தேவி பீரோவில் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. பழைய ஆல்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. காதுகுத்து வீட்டுக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது. மனம் அலைவது நிற்கவில்லை. கூப்பிட்டால் இப்போது திரும்பி வருகிறது.

போன வாரம் முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு கல்யாண ஆல்பத்தைச் சொன்ன தேதிக்கே எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது கல்யாணப் பெண்ணின் அம்மா; திகைத்துப் போனார். "பொண்ணும் மாப்பிள்ளையும் ஊருக்குக் கிளம்பிட்டாங்களேப்பா. போட்டோகாரரு சொன்ன தேதிக்கே வருவாருன்னு யாரு கண்டா?"

என் மூளைக்குச் செலவில்லாமல் மருந்து கிடைத்துவிட்டது. என்னை நம்புவதற்கு ஊருக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் சிகிச்சை தேவைப்படும்.