கை கொடுக்கப் போனவர்

மெல்பேர்னில் நான் துப்புரவு வேலை செய்த கிளப்பில், வட்டப் பலகையில் சிறு அம்பெறியும் டார்ட்ஸ் விளையாட்டின் தொழில்முறைச் சுற்றுக்கு ஒருவரைத் தெரிவு செய்யும் போட்டி நடந்தது. கடைசி ஆட்டம்வரை வந்த இருவரில் ஒருவர் நம்மவர். மெலிந்த மனிதர்; முகத்தில் தூக்கம் போதாத களைப்பு. ஒவ்வொரு அம்பையும் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் எறிவார்.

அவருடைய அம்பு வெற்றிக்கான கட்டத்தில் குத்தியது. சனம் எழுந்து கத்தியது. எதிராளி வெள்ளைக்காரர் கையை நீட்டினார். இவர் போய்க் கை கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அம்பு கழன்று கீழே விழுந்தது. எறிந்தவர் பிடுங்கும்வரை அது பலகையில் நிற்க வேண்டுமாம். புள்ளி இல்லை என்றார் நடுவர். ஆட்டம் தொடர்ந்தது, வெள்ளைக்காரர் வென்றார்.

எல்லோரும் போன பிறகு நான் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினேன்; இவர் மட்டும் ஒன்றில் இருந்தார். எனக்கு யாரோடும் பேச வராது. ஆனாலும் கேட்டேன்.

"முதல்ல அம்பைப் பிடுங்கியிருக்கலாமே, தம்பி?"

"மனுசன் கையை நீட்டிக்கொண்டு நிக்குது அண்ணை. எப்பிடி விட்டிட்டுப் போறது?"

"இனி?"

"இனியென்ன, நாளைக்கு வேலை. எழும்பட்டோ? இந்தக் கதிரையும் உங்களுக்கு வேணும்போல."

அவரே அதைத் தூக்கி அடுக்கிவிட்டுப் போனார். நானென்றால் அம்பைத்தான் பிடுங்கியிருப்பேன். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.