கெட்ட வேர்கள்

பூட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘அப்படியா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மழை பெய்கிறது என்று சொன்னாலும், “அப்படியா?” என்று ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். சாவி தொலைந்துவிட்டது, வந்து கதவைத் திறந்து கொடுங்கள் என்று யாராவது நின்றால், வீடு அவர்களுடையதுதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கருவிப் பெட்டி திறக்கும். எந்தப் பூட்டையும் முழுக்கக் கழற்றி மேசைமேல் பரப்பாமல் அவர் நம்பியதில்லை.

ஆங்கிலத்தின்மேல் அவருக்குத் தனிச் சந்தேகம். மனிதர்கள் ஒளிக்க வேண்டியதைத்தான் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள் என்பது அவர் கட்சி. லத்தீன், கிரேக்க வேர்கள் தெரிந்தால் எந்த ஆங்கிலச் சொல்லையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று கைப்பேசியில் ஒரு பாடம் சொன்னதும் மனிதர் அப்படியே அதில் விழுந்துவிட்டார். பட்டறையிலும் சாப்பாட்டு மேசையிலும் ஓயாமல் அதே பாட்டு. ‘மால்’ என்றால் கெட்டது. ‘சூடோ’ என்றால் பொய். ‘கான்ட்ரா’ என்றால் எதிர். நல்ல அர்த்தம் உள்ள வேர் வந்தால் மட்டும் விரலால் தள்ளிவிடுவார். நல்லதைக் கழற்றிப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் கழுத்தில் கட்டி வந்தது. ஊசி குத்திச் சதை எடுத்து, புற்றுநோயா என்று பார்க்கச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு கேட்கப் போகும் நாளில், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அவள் தனியாகக் கிளம்பிப் போய்விட்டாள். அதிலேயே அவருக்குச் சந்தேகம் தட்டியது.

மாலையில் திரும்பியவள் செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள். “ஒண்ணும் பயமில்லையாம். ‘பினைன்’னு சொன்னாங்க டாக்டரம்மா.”

“அப்படியா?”

அந்தச் சொல் அவரிடம் இல்லை. தான் படித்த கெட்ட வேர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. தனக்கே தெரியாத அளவுக்குக் கெட்டதோ? பயமில்லை என்றால் தமிழிலேயே சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு ஒரு ஆங்கிலச் சொல்? அவள் மடமடவென்று தண்ணீர் குடித்ததும் சரியாகப் படவில்லை.

“என்கிட்ட மறைக்காதே. இன்னும் எவ்வளவு நாள்னு சொன்னாங்க?”

அவள் டம்ளரை ணங்கென்று வைத்தாள். கண் கலங்கியிருந்தது. “இத்தனை மாசமா இந்த வீட்டுல அந்தப் பாடம் கத்திக்கிட்டே இருக்கு. சமையல்கட்டுல நின்னு நானும்தானே கேட்டேன்? ‘பெனே’ன்னா நல்லது, அதுல வர்ற சொல்லுதான் ‘பினைன்’னு சொல்லிட்டே வரும். நீங்க டக்குனு தள்ளிடுவீங்க. டாக்டரம்மா சொன்னப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம்தான் மூச்சே வந்தது.”

“பின்ன ஏன் தனியாப் போனே?”

“உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு என்னால அங்க உக்கார முடியாதுங்க. டாக்டரம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க என்னைப் புதைச்சிருப்பீங்க.”

இவ்வளவு நல்ல சேதியைச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லாமல், பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கை தன்பாட்டுக்குக் கைப்பேசியை எடுத்து, தள்ளிவிட்ட பாடத்தைத் தேடியது.

“எதுக்கு? நான் சொன்னது உண்மையான்னு பார்க்கவா?”

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“இல்ல. நீயே சொல்லு. ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சதுல இருந்து சொல்லு.”