ரெஜிமென்ட்டின் பதினோராவது ஆள்

எங்கள் பக்கத்தில் பாட்டுக்காரர்களுக்குப் பட்டாளத்துப் பெயர் என்றால் உயிர். கானா பாடுகிற பையன்கள் 'பட்டாளம்'. சர்ச்சில் பாடுகிறவர்கள் 'சேனை'. பஜனை கோஷ்டிகூட 'வானரப் படை'. காக்களூரில் கிட்டார் வைத்துக்கொண்டு கத்துகிற நாலு பேர் 'பீரங்கி'. இவர்களில் ஒருவரும் தீபாவளித் துப்பாக்கியைத் தாண்டி எதையும் சுட்டதில்லை. நான் இருந்த கல்யாண பேண்டு செட்டுக்கு 'ரெஜிமென்ட்' என்று பெயர்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் எனக்கு வேலை. மனைவி, நாலாவது படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்கு, தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். தப்பு என் மேல்தான். என் வாய் அப்படி. வாடகை அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகத் தள்ளுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதற்குப் பயந்துதான் ரெஜிமென்ட்டில் சேர்ந்தேன்.

சேர்ந்தேன் என்றால், டம்மியாக. கல்யாண வீட்டாரிடம் பதினோரு பேர் என்று பேசியிருப்பார் ஓனர். வாசிக்கத் தெரிந்தவர்கள் ஏழு பேர்தான். மீதி நாங்கள். சிவப்புக் கோட்டு, தோளில் நட்சத்திரம், கையில் டிரம்பெட். தவறிப்போய் ஊதிவிட்டால் பாட்டு கெட்டுவிடும் என்று, அதன் அகன்ற வாய்க்குள் பழந்துணியை அடைத்துத்தான் கொடுப்பார்.

“கன்னத்த உப்பிக்கினு நட, அது போதும்” என்பார்.

கோட்டைக் கழற்றிக் கொடுத்ததும் அவரவர் வண்டியேறிப் போய்விடுவார்கள். எனக்கு மறுபடியும் அதே அறை. மகளிடம் போனில் சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு பெருமை எதுவும் இல்லை. “நைனா இன்னிக்கு டிரம்பெட் ஊதுனேன்மா” என்பேன். வாராவாரம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

போன வருஷம் பொதட்டூர்பேட்டையிலேயே ஒரு மாப்பிள்ளை அழைப்பு வந்தது. ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்திருக்கலாம். மகளைப் பார்க்கும் ஆசை விடவில்லை. நான் டம்மி என்று தெரிந்துவிட்டால் இனி போனில்கூடப் பேச மாட்டாளே என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

சாயங்காலம், கடைத்தெருவில் ஊர்வலம் நின்றபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே அவள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். நேராக வந்து என் டிரம்பெட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். நான் கன்னத்தை உப்பிக்கொண்டு விரல்களை வேகவேகமாக ஆட்டினேன். அவள் முகம் மாறியது.

பாட்டு முடிந்ததும் டிரம்பெட்டுக்குள் கையை விட்டாள். துணியின் நுனி வெளியே வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அந்தப் பிள்ளைகள் பார்ப்பதற்குள் துணியை உள்ளே தள்ளினாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

“எங்க நைனா. இன்னாமா ஊதுனாரு, கேட்டீங்களாடி?”