ஒரு கழி தூரத்தில் கடவுள்

பிளஸ் டூ வகுப்பில் ஒளியியல் நடத்திக்கொண்டிருந்தபோது என் குரல் கம்மியது. சாக்பீஸ் தூசி என்று நினைத்து இரண்டு மாதம் மிளகுப் பால் குடித்தேன். பிறகு கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது.

தைராய்டு (முன்கழுத்தில் உள்ள சுரப்பி) புற்றுநோய். சென்னையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மிச்சமிருக்கும் செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் (உடலுக்குள் இருந்தே கதிர் வீசும் மருந்து) தருவதாக டாக்டர் சொன்னார்.

"வீட்டுக்குப் போனாலும் பத்து நாள் குழந்தையைத் தொடாதீங்கம்மா. ஆறடி தள்ளியே இருங்க."

புற்றுநோய் என்றபோது அழாதவள் அப்போது அழுதேன். என் மகள் ஜனனிக்கு மூன்று வயது. என் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் தூங்க மாட்டாள்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் வீடு. என் கணவர் ஏழுமலை ஏரியில் மீன் பிடிப்பவர். படகு தள்ளும் கழியைக் கொண்டுவந்து, ஒரு முனை என் கட்டிலிலும் மறு முனை வாசற்படியிலும் இருக்கும்படி போட்டார். பன்னிரண்டடி. டாக்டர் சொன்னது ஆறுதானே என்றேன். "மீதி என் கணக்கு" என்றார். மறு முனைதான் கோடு, தாண்டக் கூடாது என்று ஜனனியிடம் சொன்னார். அவள் அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

ஒரு மத்தியானம் அவர் படியில் உட்கார்ந்து கேட்டார். "ஏன் டீச்சர், சாமி இருக்குதுன்னு உன் ஃபிசிக்ஸ் புக்குல போட்டுக்கீதா?"

படகுக்கு அவர் கற்பூரம் காட்டும்போதெல்லாம் கிண்டல் செய்தவள் நான். இப்போது கிண்டல் செய்யாமல் மருந்தைப் பற்றிச் சொன்னேன். எந்த அணு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எட்டு நாளில் பாதி உடைந்திருக்கும்.

"அப்போ நம்ம பாடு மாதிரி."

பாடு என்பது எங்கள் ஊர் வழக்கம். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம்.

"எந்த சீட்டு யாருக்குன்னு எவனுக்கும் தெரியாது. ஆனா எல்லாருக்கும் முறை வந்துடும். இங்க சீட்டு குலுக்க ஊர் கீது. உன் அணுவுக்கு குலுக்கறது யாரு?"

"ஒழுங்கு இருக்குதுன்னா, ஒழுங்கு பண்ண ஆள் இருக்கணும்னு இல்லய்யா."

"இருக்கக் கூடாதுன்னும் இல்லியே?"

இல்லைதான். என் இயற்பியல் அந்த வாசற்படி வரைக்கும்தான் கூட்டிப்போகிறது. கோடி அணுக்களுக்கு அது சட்டம் சொல்லும். ஒற்றை அணுவைக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். ஜனனிக்கோ அம்மா ஒருத்திதான். அந்த ஒருத்திக்காகத்தான் முதன்முதலாகக் கைகூப்பினேன். இதே சிகிச்சைக்குப் போகிறவர்களே, உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் வெட்கப்படாதீர்கள். படித்த படிப்புக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது.

பத்து நாள் முடிந்தது. ஏழுமலை கழியை எடுத்தார். நான் கை நீட்டினேன். ஜனனி வரவில்லை. கழி முடிந்த இடத்திலேயே நின்று அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, கோடு?"

"கோடு போச்சுமா. அம்மாகிட்ட போ."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே அடி அடியாக நடந்து வந்தாள். தழும்பை விரலால் தடவிவிட்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மருந்தும் எப்போதோ தீர்ந்திருக்கும். ஆனாலும் எனக்கு வாரத்துக்கு இப்போது எட்டு நாள். எட்டாம் நாள் காலையில் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இருக்கிறாரா என்று தெரியாத ஒருவருக்கு நன்றி சொல்கிறேன்.